ரீமருக்கு முன்னால் தோட்டா

பெரிய துப்பாக்கிகளில் கைபழகியவர்கள் 22 காலிபர் துப்பாக்கியைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். தோட்டாவின் முழு நீளமே ஒரு அங்குலம். சுட்டால் தோள் அசையாது, சத்தமும் பெரிதாக இருக்காது. ஆனால் ஐம்பது மீட்டர் பந்தயத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதற்குள் அறுபது குண்டும் விழவேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கும்போது அந்த இளக்காரம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் இந்தச் சின்னத் தோட்டாவில்தான்.

நான் கோயமுத்தூர் டூல்ரூமில் தொழில் படித்தவன். மோட்டார் பம்ப் பாகங்களில் துளையைச் சரியான அளவுக்குக் குடையும் ரீமரை ஓட்டுவதும், மழுங்கிய ரீமரைச் சாணை பிடிப்பதும்தான் அங்கே என் வேலை. அங்கே ரீமரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. டிராயிங்கில் அளவு இருக்கும், ஸ்டோரில் ரீமர் இருக்கும், எடுத்து ஓட்டவேண்டியதுதான். பிற்பாடு அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் குடியேறி, பந்தயத் துப்பாக்கிகளுக்குக் குழல் மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி இருக்கும் மாநிலம். 1907-இலிருந்து தேசியப் போட்டிகள் நடக்கும் இடம் அது. கோடை வந்தால் வாடிக்கையாளர்கள் குழலோடு வரிசையில் நிற்பார்கள். அங்கேதான் ஒரு ரீமரை வாங்குவதற்கு முன்னால் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தத் தொழில் நடத்த மத்திய அரசின் உரிமம் வேண்டும், எங்கள் முதலாளியிடம் இருந்தது. இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். ஆகவே வீட்டு லேத்தில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதவில்லை.

சேம்பர் என்பது தோட்டா உட்காரும் அறை. குழலின் பின்பக்கத்தில், குண்டைச் சுழற்றும் ரைஃபிளிங் வரிகள் தொடங்குவதற்கு முன்னால், ரீமர் கொண்டு குடைந்து எடுப்பது. தோட்டாவின் கூட்டை கேஸ் என்பார்கள். தீப்பற்றும் மருந்து கேஸின் அடியில் நடுவே இருக்கும் சென்டர்ஃபயர் துப்பாக்கிக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் சுட்ட கேஸில் திரும்ப மருந்தடைத்துக்கொள்ளலாம். சேம்பருக்குத் தகுந்தபடி கேஸைத் திருத்தலாம், கழுத்தைச் சீவலாம், குண்டை முன்னே பின்னே நகர்த்தி உட்காரவைக்கலாம். 22-இல் இது எதுவும் கிடையாது. தீப்பற்றும் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை சுட்டால் கேஸ் குப்பைக்குப் போகிறது. கம்பெனி எப்படிச் செய்து பெட்டியில் போட்டதோ அதே தோட்டாதான். தோட்டாவை மாற்றமுடியாது என்றால் சேம்பர்தான் அதற்கு வளைந்து கொடுக்கவேண்டும். ரீமரைப் பற்றிய என் எண்ணம் முழுவதும் இதிலிருந்து வருவதுதான்.

இன்னொரு வித்தியாசம். சென்டர்ஃபயர் தோட்டாவில் குண்டு கேஸின் கழுத்துக்குள் செருகியிருக்கும். கேஸுக்கு ஒரு விட்டம், குண்டுக்கு வேறு விட்டம், நடுவே சேம்பரில் ஒரு படி. 22 லாங் ரைஃபிளில் குண்டின் வால் மட்டும் மெலிந்து கேஸுக்குள் போயிருக்கும். வெளியே தெரியும் உடம்பு கிட்டத்தட்ட கேஸின் அளவேதான். 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி இந்தத் தோட்டாவைக் கொண்டுவந்த நாளிலிருந்து அமைப்பு மாறவில்லை. அமெரிக்கத் தர அளவுப்படி கேஸ் அதிகபட்சம் 0.226 அங்குலம், குண்டு 0.2255. அரைத் தவ்தான் வித்தியாசம்; தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் சேம்பரின் முன்பாதி கேஸுக்கு மட்டும் சொந்தமில்லை, குண்டும் அங்கேதான் படுத்திருக்கிறது. கேஸுக்காக என்று நினைத்து நாம் தளர்த்தியோ இறுக்கியோ வைக்கும் அளவு குண்டின் தலைவிதியையும் சேர்த்து எழுதிவிடுகிறது.

அப்புறம் அந்தக் குண்டு தன்னைவிடச் சிறிய துளைக்குள் போகவேண்டும். குழலுக்குள் ரைஃபிளிங்கின் பள்ளத்தில் அளந்தால் 0.222, மேட்டில் அளந்தால் 0.217. ஈயம் மெத்தென்று இருப்பதால் அழுந்திக்கொண்டு போகும். எவ்வளவு நேராக அழுந்துகிறது என்பதுதான் கேள்வி. நுழையும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்த குண்டைக் குழல் நிமிர்த்துவதில்லை. சாய்ந்த கோலத்திலேயே பிடித்து, பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழற்றி வெளியே தள்ளுகிறது. வாயைத் தாண்டியதும் அது தன் போக்கில் போகும். வினாடிக்கு 1,050-இலிருந்து 1,085 அடி வேகத்தில், ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் குண்டு. பிழை வெளிப்பட அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

ஆகவே ரீமரில் நான் முதலில் பார்ப்பது நுனிப்பக்கம். ரைஃபிளிங்கின் மேடுகளைச் சரிவாகச் சீவிவிடும் பகுதி அது, லீட் என்பார்கள். சாதாரண வேட்டைத் துப்பாக்கிகளில் இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கும். பந்தய ரீமர்களில் பெரும்பாலும் ஒன்றரை டிகிரி அல்லது இரண்டு டிகிரி. சரிவு மெதுவாக இருந்தால் குண்டு சுடுவதற்கு முன்பே, போல்ட்டை மூடும்போதே, மேடுகளுக்கு நடுவே நுழைந்து நேராகப் பிடிபட்டுவிடும்.

விற்பனைக்கு இருக்கும் வகைகளைப் பற்றி ஆளுக்கு ஒரு கட்சி. வின்செஸ்டர் 52டி என்ற பழைய பந்தயத் துப்பாக்கியின் சேம்பரிலிருந்து வந்த அளவு ஒன்று, இரண்டு டிகிரி லீட். ஈலி கம்பெனியின் தட்டை மூக்குக் குண்டுக்கென்று நீளம் குறைத்து அரைத்த அளவு ஒன்று. பென்ட்ஸ் என்ற இன்னொன்று தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளுக்கு. அதில் குண்டு ரைஃபிளிங்குக்குள் ஆழமாகப் போகாது, சுடாத தோட்டாவைத் திரும்ப இழுத்தாலும் முழுசாக வரும். பந்தய சேம்பரில் அப்படி இழுத்தால் சில நேரம் குண்டு குழலிலேயே தங்கி, கேஸ் மட்டும் கையோடு வந்து, மருந்து துப்பாக்கிக்குள் கொட்டிவிடும். ரூகர் 10/22 வைத்திருப்பவர் பந்தய சேம்பர் கேட்டால், 'உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம்' என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். அவருக்கு பென்ட்ஸ் போதும். அதற்குக் குறைந்த துல்லியம் என்று கௌரவம் பார்க்கிறவர்கள் உண்டு. தோட்டா மாட்டிக்கொண்டு நிற்கும் துப்பாக்கியின் துல்லியத்தை எதில் அளப்பது?

இனி இறுக்கமான சேம்பர் என்ற ஆசை. எங்களிடம் வந்ததிலேயே அதிகம் கேட்ட வரம் இதுதான். பால்பண்ணை வைத்திருந்த ஒருவர், படுத்துச் சுடும் போட்டிக்காரர், ஒரு ரீமர் டிராயிங்கை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்தார். வழக்கமான பந்தய அளவைவிட உடம்பு ஒரு தவ் குறைவு. இது சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும், குண்டு ஆடவே ஆடாது என்பது அவர் வாதம். முதலாளி விவாதிக்கவில்லை. மைக்ரோமீட்டரை அவர் கையில் கொடுத்து, மேஜையில் இரண்டு கம்பெனித் தோட்டாக்களைக் கொட்டினார். 'அளந்து எழுதுங்கள்' என்றார்.

அவர் அளந்தார். ஒரு பெட்டிக்குள் தோட்டாவுக்குத் தோட்டா அதிக வித்தியாசமில்லை, நல்ல கம்பெனிகள் அதில் கெட்டி. ஆனால் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருந்தது. அவருடைய டிராயிங் ஒரு கம்பெனித் தோட்டாவுக்குப் பொருந்தும். மற்றதை உள்ளே தள்ள போல்ட்டை உள்ளங்கையால் அறையவேண்டியிருக்கும். இதற்கு மேல் மெழுகு ஒன்று இருக்கிறது. 22 குண்டின் வெளிப்பக்கம் முழுவதும் மெழுகு பூசியிருக்கும். சுடச்சுட அது சேம்பரின் முன்பக்கத்தில் படிந்து, எரிந்த மருந்தின் கரியோடு சேர்ந்து கெட்டியான வளையமாகும். சுத்தமான சேம்பரில் வழுக்கிக்கொண்டு போன தோட்டா பாதிப் போட்டியில் அடம்பிடிக்கும். அறுபது குண்டுக்கு ஐம்பது நிமிடம். படுத்த நிலை கலையாமல் ஒரே மாதிரி போல்ட்டை மூடவேண்டியவர், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பலம் கொடுத்தால் தோள் நகரும், கன்னம் நகரும். இறுக்கத்தால் வந்த லாபம் அங்கேயே கரைந்துபோகும். அவருக்குக் கடைசியில் போட்டது 52டி. டிராயிங்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திருப்தியில்லாத முகத்தோடுதான் போனார்.

என் தீர்ப்பு இது. உடம்பு அரைத் தவ் தளர்ந்தால் பெரிய பாதகமில்லை. நுனி அரைத் தவ் ஒரு பக்கமாக விலகினால் பாதகம் உண்டு. இறுக்கத்துக்காகக் கவலைப்படுகிறவர்கள் அதில் பாதியை நேருக்காகப் படட்டும்.

டிராயிங்கையே முறைத்துப் பார்ப்பவர்கள் ரீமரைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். சாணை பிடித்த கை என்பதால் எனக்கு அது உறுத்தும். மிச்சிகனில் மேன்சன், ஆரிகனில் பசிபிக் டூல், ஜே.ஜி.எஸ். என்று நல்ல ரீமர் அரைப்பவர்கள் இருக்கிறார்கள். யாருடையதாக இருந்தாலும் பெட்டியைத் திறந்ததும் பத்து மடங்கு லென்ஸை எடுத்துக்கொள்வேன். உடம்பு முடிந்து லீட் தொடங்கும் மூலையில் எல்லா விளிம்புகளும் ஒரே இடத்தில் திரும்புகின்றனவா? ஒன்று மட்டும் மயிரிழை முன்னால் தொடங்கினால் வெட்டுவது அது ஒன்றுதான், மற்றவை சும்மா கூட வரும். விளிம்பில் சாணைக்கல் விட்ட பிசிறு இருக்கிறதா? இருந்தால் முதல் சேம்பரின் சுவரில் கோடு விழும். சேம்பரின் தொண்டையில், அதாவது லீட் பகுதியில், விழுந்த கோட்டில் ஈயம் ஒட்டும். இருநூறு டாலர் அளவில் விலை கொடுத்து வாங்கும் சாமானை லென்ஸில் பார்க்க ஐந்து நிமிடம் செலவழிப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

வாங்கும்போது அளவில் மேல்பக்கமாகக் கேட்பது என் வழக்கம். ரீமர் மழுங்கும், சாணை பிடிக்கவேண்டி வரும், ஒவ்வொரு சாணைக்கும் விட்டத்தில் கொஞ்சம் போகும். ஆரம்பத்திலேயே அடிமட்ட அளவில் வாங்கினால் முதல் சாணையோடு அதன் கதை முடிந்தது. அதே சமயம் எந்த ரீமரும் தன் அளவுக்கே துளை போடாது, துளி கூடுதலாகவே வெட்டும். எவ்வளவு கூடுதல் என்பது லேத்தையும் எண்ணெயையும் ஓட்டும் கையையும் பொறுத்தது. டிராயிங்கில் உள்ள எண் ரீமரின் எண், சேம்பரின் எண் அல்ல. வெட்டி முடித்த பிறகு 'பின் கேஜ்' என்ற அளவுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் சேம்பரின் எண் தெரியும். கார்பைடு ரீமர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வருடம் முழுக்க ஒரே அளவு சேம்பர் போடும் தொழிற்சாலைக்குச் சரி. நம்மைப் போன்ற பட்டறைக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் போதும். கார்பைடு கீழே விழுந்தால் மூலை போய்விடும், சாணை பிடிக்க வைரக்கல் வேண்டும்.

பைலட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரீமரின் மூக்கில் குழலுக்குள் போய் வழிகாட்டும் தண்டுதான் பைலட். ரீமரோடு சேர்த்து ஒரே துண்டாக அரைத்ததும் உண்டு, தனியாக புஷ் மாட்டிக்கொள்வதும் உண்டு. நான் புஷ் கட்சி. குழலுக்குக் குழல் உள்ளளவு கொஞ்சம் மாறும். 0.2170-க்கு ஒன்று, 0.2172-க்கு ஒன்று என்று புஷ்கள் கிடைக்கும். வழுக்கிக்கொண்டு போகவும் வேண்டும், ஆடவும் கூடாது. 22-க்கு அந்த புஷ்ஷைப் பிடிக்கும் திருகு கொசுத்தலை அளவுதான் இருக்கும். கீழே விழுந்தால் லேத்தின் துருவலுக்குள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புஷ் தேர்ந்தெடுக்கும் முன் குழலைக் கையால் படிக்கவேண்டும். மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி உள்ளே விட்டு, கம்பியால் மெதுவாகத் தள்ளுவேன். முதல் முறை செய்பவருக்கு ஒன்றும் தெரியாது. பழகிய கைக்கு, ஓரிடத்தில் ஈயம் நழுவினாற்போல ஓடுவதும், அடுத்த இடத்தில் கம்பி எதிர்ப்பதும் உள்ளங்கையில் வரும். நல்ல பந்தயக் குழலில் பின்னாலிருந்து முன்னால் போகப்போக எதிர்ப்பு சீராகவோ, வாய்ப்பக்கம் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். எந்தப் பக்கத்தைச் சேம்பராக்குவது, எங்கே வெட்டுவது என்பதை அந்தக் கம்பி சொல்லும். நடுவில் தளர்ந்து, வாயில் இன்னும் தளரும் குழல் வந்தால், எந்த ரீமரும் அதைக் காப்பாற்றாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவோம். மாண்டானாவில் லில்யா, டெக்சாஸில் ஷிலன் மாதிரி பெயரெடுத்தவர்களின் குழலைக்கூட முதலாளி இப்படித் தள்ளிப் பார்க்காமல் சக்கில் மாட்டமாட்டார்.

லேத்தில் நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. குழலின் துளை ஓடுவதை டயல் முள் அசையாமல் நிற்கும்வரை இரண்டு முனையிலும் சரிசெய்வது, வேகத்தைக் குறைத்து ஓட்டுவது, கொஞ்சம் வெட்டி வெளியே இழுத்துத் துருவலைத் துடைப்பது, திரும்ப எண்ணெய் விடுவது. டூல்ரூமில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்ததுதான். விளிம்பு உட்காரும் பள்ளம் தோட்டா விளிம்பின் தடிமனுக்கு ஏற்ப இருக்கவேண்டும், தர அளவில் அது அதிகபட்சம் 0.043 அங்குலம்.

வேலை முடிந்ததும் நான் ஆசையாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. போல்ட்டிலிருந்து அடிக்கும் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் சுடப்போகும் அதே தோட்டாவை ஏற்றி, மூடி, மெதுவாக வெளியே எடுப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸுக்குக் கீழே குண்டை உருட்டிப் பார்த்தால், ஈயத்தின் மேல் மேடுகளின் தடம் பளபளவென்று தெரியும். எட்டு மேடுள்ள குழல் என்றால் எட்டுத் தடம். எட்டும் ஒரே நீளமா, ஒரே ஆழமா? எல்லாம் ஒரே கோட்டில் போய் நிற்கின்றனவா? மூன்று தடம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் லேசாகவும் இருந்தால் சேம்பர் குழலோடு ஒரே மையத்தில் இல்லை. முப்பது நாற்பது தவ் நீளத்துக்குச் சுற்றிலும் சமமாக விழுந்தால், மனதுக்கு இதமாக இருக்கும். இலக்கில் சுட்டுப் பார்க்கும் முன்பே பாதி தெரிந்துவிடும். கம்பெனி மாற்றி வேறு தோட்டாவைப் போட்டால் அதே சேம்பரில் தடம் நீளும் அல்லது குறையும், சிலதில் தொடவே தொடாது. தட்டை மூக்குக் குண்டுக்கென்று குறுக்கிய சேம்பரில் உருண்டை மூக்குத் தோட்டாவைப் போட்டுவிட்டு, சேம்பர் சரியில்லை என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு லேசானதல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஒரே பெயர், ஒரே விலை, தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் லாட் எண் மட்டும் வேறு என்றாலே சில துப்பாக்கிகளில் இலக்கில் குண்டுகள் விழும் வட்டம் விரிந்துவிடும். அதனால்தான் லாபுவா கம்பெனி ஒஹாயோவின் மாரெங்கோவில் சோதனைக்கூடம் வைத்து, துப்பாக்கியைக் கட்டிவைத்து லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டுகிறது. அங்கே போய் வந்தவர்கள் பலர், ஒரே லாட்டில் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கிவிடுவார்கள். அவர்களுக்கு ரீமர் சொல்வது சுலபம், அளக்கக் கையில் தோட்டா இருக்கிறது. கஷ்டம், எந்தத் தோட்டா என்றே முடிவு செய்யாமல் 'உலகத்திலேயே நல்ல ரீமர் எது' என்று கேட்டு வருபவர்களுக்குத்தான். அவர்களுக்கு 52டி போட்டுக்கொடுப்பேன். பெரும்பாலான நல்ல தோட்டாக்களோடு அது ஒத்துப்போகும், குறை சொல்லத் திரும்பி வருபவர்கள் குறைவு. பட்டறை தொடங்குபவர் என்னைக் கேட்டால், 52டி ஒன்று, பென்ட்ஸ் ஒன்று, நல்ல புஷ்கள் ஒரு செட், இவ்வளவுதான் வாங்கச் சொல்வேன். மற்றதெல்லாம் வாடிக்கையாளர் குறிப்பாகக் கேட்டு, காசும் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

குழலைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் சுடப்போகும் தோட்டாவில், அதே லாட்டில், ஒரு பெட்டியைக் கூடவே கொண்டுவாருங்கள். தபாலில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அமெரிக்கத் தபால் துறை தோட்டாவை ஏற்காது.